தொண்டை ஆண்பால்

எங்கள் மொழியில் மீசை பெண்பால், இன்ஸ்பெக்டர் சாஹிப். தாடியும் பெண்பால்தான். பிறந்ததிலிருந்து உருது பேசுகிற உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. முதல் நாள் வகுப்பில் நான் இதைச் சொன்னதும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிரிப்பார்கள். பிறகு ஏன் என்று கேட்பார்கள். தண்ணீர் ஆண், தேநீர் பெண். காது ஆண், மூக்கு பெண். ஏன் என்று கேட்காமல் மனப்பாடம் செய்கிறவர்கள் ஆகஸ்டில் ஓரளவு வாய் திறப்பார்கள். கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் பூவேலை செய்த குர்த்தா நான்கும் வயிற்றுப்போக்குக் கதைகள் சிலதும் சுமந்துகொண்டு ஊர் திரும்புவார்கள். அங்கே போய் லக்னோவில் உருது படித்தோம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நுஸ்ஹத் ரிஸ்வி. கோலாகஞ்சில் கோடைகால உருதுப் பள்ளி நடக்கிறதே, அந்த வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் ஆசிரியை. போன மாதம் கார்பின் என்ற அமெரிக்கப் பையன் இறந்தபோது நீங்கள்தான் வந்தீர்கள். "பயப்படாதீங்கம்மா, உங்க மேல தப்பு எதுவும் இல்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடியும்விட்டீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி தவறு. அப்போது வீட்டில் இருந்த பெண்மணிக்கு ஆங்கிலம் தெரியாது என்ற வரி. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முதல் வகுப்பு. ஓய்வு பெறும்வரை பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். இந்த ஊரில் இன்று கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடும் பெண்களில் சிலருக்கு, காற்புள்ளியை எங்கே வைப்பது என்று கற்றுக்கொடுத்தவள் நான்.

அப்படியானால் அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லக் கூடாது என்பது என் வேலையின் நிபந்தனை. வந்து இறங்கிய மறுநாள் பிள்ளைகள் எழுந்து நின்று சத்தியம் செய்வார்கள், ஊர் திரும்பும்வரை உருது தவிர வேறு மொழி பேச மாட்டோம் என்று. சத்தியம் நிலைக்க வேண்டும் என்றால் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்கக் கூடாது. டைரக்டர் ஏஜாஸ் சாஹிப் என்னை வேலைக்கு எடுக்கும்போதே சொன்னார். "ஆபா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு பசங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா சோம்பேறியாயிடுவாங்க. ஒரு வார்த்தை புரிஞ்ச மாதிரிகூடக் காட்டிக்காதீங்க."

எல்லோருக்கும் நான் ஆபா. அறுபதைத் தாண்டியவளை அக்கா என்று கூப்பிடுவதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆனந்தம்.

நடிப்பு கஷ்டமாக இல்லை. கண்ணைக் கொஞ்சம் அகலத் திறந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "என்ன சொன்னீங்க மகனே?" என்று கேட்டால் போதும். முட்டாளாக இருப்பது ரொம்பச் சுலபம், சாஹிப். எதிரில் இருப்பவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள்.

காலையில் பராட்டாவும் முட்டையும். பராட்டாவை டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி எண்ணெய் எடுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். பிறகு இலக்கணம், வாசிப்பு. மதியம் சாப்பாட்டு மேஜையில் என்னோடு பேச்சுப் பழக்கம். கைப்பேசிகள் மாலைவரை டைரக்டர் அறைப் பெட்டியில் கிடக்கும். சாயங்காலம் சந்தைக்குப் போய் மாம்பழம் வாங்கப் பேரம் பேசுவார்கள். பழக்காரன் அவர்களுடைய உருதுவைக் கேட்டுச் சிரித்துவிட்டு இரண்டு மடங்கு விலை சொல்வான். அதையும் பெருமையாக வந்து சொல்வார்கள். ஒரு கவிதை வரி சொல்லிக் கொடுத்தால் போதும், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு காவல்காரனிடம்கூட அதைச் சொல்வார்கள். அந்த வரி எதைப் பற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆசிரியர்கள் இருக்கும்போது சத்தியத்தைக் காப்பாற்றுவார்கள். என் முன்னால் மட்டும் மீறுவார்கள். என்னைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையே. மேஜையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். தலைக்கு மேலே ஆங்கிலம் போய்க்கொண்டிருக்கும். அதுவும் என்ன ஆங்கிலம்! நான்கு சொல்லுக்கு ஒரு 'லைக்'. தொடங்கிய வாக்கியத்தை ஒருவர்கூட முடிப்பதில்லை. கல்லூரியில் என் மாணவி யாராவது அப்படிப் பேசியிருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்.

ஒரு நாள் டெஸ்ஸா என்ற பெண் கேட்டாள், நான் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே. "இவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா இல்லையா? என்ன நினைக்கிறே?"

கார்பின் சொன்னான், "பண்ணிக்கிட்டிருக்க மாட்டாங்க. வந்தவனை எல்லாம் இலக்கணம் கேட்டே துரத்தியிருப்பாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு தொற்றிக்கொள்கிற கிழவி என்று நினைத்திருப்பார்கள்.

கார்பின் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன். அதை நான் மறைக்கவில்லை. காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். திருத்தினால் முகம் சுளிக்க மாட்டான்; சரியான வடிவத்தில் இன்னொரு தரம் சொல்லிவிட்டு, நன்றி என்பான். என் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் தருவான். காய்கறிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். வீட்டுக்கு வந்த விருந்தாளி வேலைக்காரிக்கு உதவி செய்தால் பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு அழகாக இருக்கும், அந்த அழகுக்காகச் செய்தான் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பேசலாம். மாடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவன் தன் அம்மாவோடு பேசினான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, என்னை நேராகப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான்: "இவங்க ராட்சசிம்மா. நிஜமாவே ராட்சசி. தினமும் என்னைக் கொன்னு எடுக்கிறாங்க." சிரித்தான். அந்தப் பக்கம் அவன் அம்மாவும் சிரித்தது எனக்குக் கேட்டது. பேசி முடித்துவிட்டு என்னிடம் திரும்பி, சுத்தமான உருதுவில், "ஆதாப் ஆபா, அந்த வாளியை நான் கீழே கொண்டு வரட்டுமா?" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வாளியைக் கொடுத்தேன். அவன் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று அகராதியைப் புரட்டிப் பார்க்க வேண்டிய நிலையிலும் நான் இல்லை. அந்தச் சொல் வருகிற நாவல்களை நான் வருஷக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அவன் இறந்த மறுநாள் டெஸ்ஸா என் அறைக்கு வந்தாள். ஏஜாஸ் சாஹிப் கூடவே வந்தார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் உருது எங்கேயோ போய்விட்டது, ஆங்கிலம்தான் வந்தது. "எங்க எல்லார்கிட்டயும் உங்களை ராட்சசின்னுதான் சொல்லுவான். இப்படி ஒரு டீச்சர் எனக்கு வாழ்க்கையிலேயே கிடைச்சதில்லை, ராட்சசி, ராட்சசின்னு... கடைசி நாள் மேடையில பேசறதுக்கு உங்களைப் பத்திதான் தயார் பண்ணிட்டிருந்தான். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்களை மிரட்டி வெச்சிருந்தான்."

நான் தலையைச் சாய்த்து டைரக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். "ஆபா, அந்தப் பையன் உங்க மேல ரொம்ப மரியாதை வெச்சிருந்தானாம்."

ராட்சசியை அப்படியே விழுங்கிவிட்டு மரியாதை என்கிறார். ஏஜாஸ் சாஹிப் எப்போதுமே மோசமான மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெண்ணைப் பற்றியும் என்ன சொல்வது? துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், என் கையையே பிடித்துக்கொண்டு, என்னையே ராட்சசி என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள். வளர்ப்பு அப்படி.

அவள் போனபின் டைரக்டர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "ஆபா, போலீஸ்கிட்ட உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அப்படியே இருக்கட்டும். தெரியும்னு சொன்னா, அப்புறம் அவன் கேட்டது ஏன் புரியலைன்னு கேப்பாங்க. பதட்டத்துல உங்களுக்கு எதுவும் ஓடலை, அது எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரிய வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தையே மூட வேண்டி வரும்."

சரி என்றேன். அவர் நல்லவர். பதட்டம் என்று ஒன்றை அவரே எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கார்பினின் பெற்றோர் வந்தார்கள். அவன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். கடைசி நேரத்தில் என் பிள்ளை தனியாக இல்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, அது போதும் என்றாள். ஏஜாஸ் சாஹிப் அதையும் மொழிபெயர்த்தார். அந்த ஒரு தரம் சரியாகச் செய்தார்.

அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? வீட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஆபத்துக்கால ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நேற்று ரித்திமா என்று ஒரு பெண் வந்தாள். என் பழைய மாணவிகளின் மகள் வயது. சமையல்காரர் புந்து மியான், காவல்காரன், பெருக்கித் துடைக்கிற பெண், நான் - எங்கள் நால்வரையும் பெஞ்சில் உட்கார வைத்தாள். பலகையில் படம் வரைந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொன்னாள். எனக்குத் தலை சுற்றுகிறது. எனக்கு உதவி வேண்டும். என்னால் மூச்சு விட முடியவில்லை.

என் முறை வந்தது. மூச்சு விட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். திருத்தமாகவே சொன்னேன்.

"இல்லை ஆன்ட்டி, அப்படி இல்லை" என்றாள் அவள். "நாக்கைப் பல்லுக்கு நடுவுல வெச்சு, என் வாயைப் பாருங்க..." நான் இன்னொரு தரம் சொன்னேன். "ஆங், பரவாயில்லை, உங்க வயசுக்கு நல்லாவே வருது. கைதட்டுங்க எல்லாரும்."

புந்து மியான் கைதட்டினார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அறைக்குப் போனேன். இரவு முழுக்க யோசித்தேன். உங்கள் கோப்பில் அந்த வரி இருக்கிறவரை, நான் செத்த பிறகும் ஆங்கிலம் தெரியாதவளாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. அதனால் அந்த மதியத்தில் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை. மற்ற பிள்ளைகளை இமாம்பாடா பார்க்கக் கூட்டிப் போயிருந்தார்கள். ஏதோ எழுத வேண்டும் என்று கார்பின் மட்டும் வீட்டில் தங்கிவிட்டான். புந்து மியான் கபாபுக்கு அரைத்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குள் போனபோது கேட்டார். "ஆபா, அந்தப் பையனுக்கு முந்திரி, பிஸ்தா எல்லாம் ஆகாதுன்னு சொன்னாங்களே. இதுல சாரைப்பருப்பு அரைச்சுப் போடப்போறேன். தனியா எடுத்து வெச்சிடட்டுமா?"

"சாரைப்பருப்பு முந்திரியா, மியான்?"

"இல்லை."

"பிஸ்தாவா?"

"அது எப்படி ஆபா பிஸ்தாவாகும்?"

"பின்னே என்ன? அது இல்லாம கபாப் வாயில கரையுமா? போடுங்க."

போட்டார். சுட்டு வைத்துவிட்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். அவரை எதற்கும் இழுக்காதீர்கள். அவர் கேட்டார், நான் சொன்னேன், அவ்வளவுதான்.

சாரைப்பருப்பும் அவனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவன் வந்த புதிதில் கடையில் வாங்கிய பாயசத்தை ஒரு கரண்டி சாப்பிட்டான். உதடு ஒரு பக்கமாக வீங்கிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான். அந்தப் பாயசத்தில் முந்திரி இல்லை, மேலே தூவிய சாரைப்பருப்புதான் இருந்தது. என்ன காரணமாக இருக்கும் ஆபா என்று மறுநாள் கேட்டான். மாம்பழப் பால் பட்டிருக்கும் என்றேன். அப்போது எந்த எண்ணமும் இல்லாமல்தான் சொன்னேன். தெரிந்த ஒன்றை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மேஜையில் தட்டை வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டான், இதில் கொட்டைப் பருப்பு ஏதாவது இருக்கிறதா என்று. நான் தலையைச் சாய்த்தேன். "மன்னிச்சுக்குங்க ஆபா" என்று சொல்லிவிட்டு உருதுவுக்கு வந்தான். விரல்விட்டு எண்ணி எண்ணிக் கேட்டான்.

"முந்திரி இருக்கா?"

"இல்லை."

"பிஸ்தா?"

"இல்லை."

"பாதாம்? அக்ரோட்டு? வேர்க்கடலை?"

"எதுவும் இல்லை மகனே. சாப்பிடுங்க, ஆறிடும்."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாரைப்பருப்பு என்ற சொல்லை அவன் கற்றுக்கொண்டிருக்கவில்லை. சொல் தெரியாததற்கு ஆசிரியை என்ன செய்வாள்? என்னைக் கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

இரண்டு கபாப் சாப்பிட்டான். இவ்வளவு மெத்தென்று தன் ஊரில் எதுவுமே கிடையாது என்றான். மூன்றாவதை எடுத்தவன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. இருமினான். அப்போதும் அவன் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆபா, என் தொண்டை..." என்றான். வீங்குகிறது என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. "என் தொண்டை மூடுது" என்றான்.

எங்கள் மொழியில் தொண்டை ஆண்பால்; அதற்கு முன்னால் வரும் 'என்' என்பதும் ஆண்பாலாக வேண்டும். அவன் 'என்' என்ற சொல்லைப் பெண்பாலில் சொல்லிவிட்டான்.

திருத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். பழக்கம் பாருங்கள், சரியான வடிவத்தில் இன்னொரு தரம் சொன்னான். நன்றி என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு எழுந்து மாடிப்படிப் பக்கம் போகப் பார்த்தான். கால் தள்ளாடியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். பேனா. என் பேனா. மேலே, பையில். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. அந்தக் கோடையில் அவன் பேசியதிலேயே தெளிவான ஆங்கிலம் அதுதான். நடுவில் ஒரு 'லைக்' கூட இல்லை.

நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "நீங்க உட்காருங்க மகனே. நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உட்கார்ந்துவிட்டான். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் தவழ்ந்தாவது படியேறியிருப்பான். பிடிவாதக்காரன்.

அந்தப் பேனா என்னவென்று உங்களுக்குப் பிறகு டாக்டர் சொல்லியிருப்பார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும் மருந்து ஊசி. தொடையில் அழுத்திக் குத்தினால் தொண்டை திறந்துவிடும். எனக்கு எந்த டாக்டரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வந்த முதல் வாரத்திலேயே அவன் கூடத்தில் உட்கார்ந்து, மருந்து இல்லாத பயிற்சி ஊசியை ஆரஞ்சுப் பழத்தில் குத்தி மற்றவர்களுக்குக் காட்டினான். மூடியை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது, நிஜ ஊசி பையில் எந்த அறையில் இருக்கும், எல்லாவற்றையும் விளக்கினான். ஆங்கிலத்தில்தான். பக்கத்தில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மாடிக்குப் போனேன். அவன் பை கட்டிலின் மேல் இருந்தது. பக்கவாட்டு அறையைத் திறந்து பார்த்தேன். ஊசி அங்கேதான் இருந்தது, ஆரஞ்சு நிற முனையோடு. மூடிவிட்டு, மேஜையில் கிடந்த பந்துமுனைப் பேனாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் எழுதிக்கொண்டிருந்த தாள் அந்தப் பேனாவுக்குக் கீழேதான் இருந்தது. உருது எழுத்து, கோணல் மாணலாக. நான் படிக்கவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பேனாவை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். அவன் கையைத் திறந்து அதைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பேச வரவில்லை. நான் அவன் காதருகே குனிந்து ஆங்கிலத்தில் சொன்னேன், எனக்குத் தெரிந்த நல்ல உச்சரிப்பில்: "நீ கேட்டது இதுதானே?"

புரிந்துகொண்டான். கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. நான் யார் என்று அந்தக் கோடை முழுவதிலும் ஒருவனுக்காவது புரிந்தது. பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா சொன்னது உண்மைதான், அவன் தனியாக இல்லை. எல்லாம் அடங்கிய பிறகே வாசலுக்குப் போய்க் காவல்காரனைக் கூப்பிட்டேன்.

சத்தியத்தை மீறியதற்காகத் தண்டித்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை; ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்தானே. ஆனால் புரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. இனிமேல் உங்கள் இஷ்டம். இவ்வளவையும் ஆங்கிலத்திலேயே எழுதச் சொல்லுங்கள், சாஹிப். எழுதி முடித்ததும் என்னிடம் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பிழை திருத்தித் தருகிறேன்.